இது என் கொட்டான் இல்லை

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா, காரைக்குடிப் பக்கத்திலிருந்து பனையோலைக் கொட்டான்களை வரவழைத்து விற்கிறார். தீபாவளிக்கும் தை மாதக் கல்யாணங்களுக்கும் தாம்பூலம் வைத்துக் கொடுக்க நூறு, இருநூறு என்று ஆர்டர் வரும். படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டார். எனக்கு அந்த வாரம் வேலை நெருக்கடி. எல்லோரும் சொல்கிறார்களே என்று, ஒரு கொட்டானைச் செல்போனில் பிடித்து ஏஐ படச் செயலி ஒன்றில் ஏற்றினேன். மேலிருந்து பார்க்கிற கோணம், பித்தளைத் தட்டு, வெற்றிலை, ரோஜா இதழ் என்று கேட்டேன். அரை நிமிடத்தில் படம் வந்தது. அழகாகவே இருந்தது. அக்காவுக்கு அனுப்பினேன்.

சிறிது நேரத்தில் போன் வந்தது. “தம்பி, இது என்னோட கொட்டான் இல்லையேப்பா.”

நேரில் போய், கொட்டானையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அக்காவின் கொட்டானுக்கு அடி சதுரம், வாய் வட்டம். மேலிருந்து பார்த்தால் வட்டத்துக்குள் அந்தச் சதுரம் தெரியும். படத்தில் அடியும் வட்டமாகியிருந்தது. ஓலை ஒன்று விட்டு ஒன்று ஏறி இறங்கிப் போக வேண்டும். படத்தில் ஒரு பட்டை இரண்டு ஓலைகளைத் தாண்டி மூன்றாவதன் அடியில் நுழைந்தது. மறுபக்கம் அது வெளியே வரவே இல்லை. வெளிறிய ஓலை நிறம் தேன் நிறமாகியிருந்தது. விளிம்பு பிரம்புக் கூடையின் விளிம்பு. அக்கா விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். அவர் கண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, நான் அனுப்புவதற்கு முன் எனக்குத் தெரியவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

டெல்லியில் சிறு வியாபாரம் செய்கிற எவரிடமும் இப்போது இந்தப் பேச்சு ஓடுகிறது. கரோல் பாகில் நகை விற்பவர், லஜ்பத் நகரில் குர்தி தைத்து விற்பவர், வீட்டிலேயே பொடியும் ஊறுகாயும் போட்டு விற்கும் நம் மாமிகள், எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று: மேலிருந்து எடுக்கும் ஃப்ளாட் லே படத்துக்கு எந்த ஏஐ நல்லது? படம் எடுக்கவே தேவையில்லை என்பது அந்தக் கேள்விக்குள் முடிந்துபோன விஷயமாகக் கிடக்கிறது. ஸ்டூடியோ வேண்டாம், விளக்கு வேண்டாம், பொருளைக்கூட வெளியே எடுத்து வைக்க வேண்டாம். எது மிக அழகாகத் தருகிறதோ அதற்குச் சந்தா கட்டினால் போதும் என்கிறார்கள். இந்த முடிவு தவறு. அதிலிருந்து பிறக்கும் கேள்வியும் தவறு.

முதலில் இந்தப் படம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். பொருள்களை ஒரு பரப்பில் பரப்பி வைத்து நேர் மேலிருந்து பார்ப்பது நமக்குப் புதிதே இல்லை. சீர்வரிசைத் தட்டு அப்படித்தான் அடுக்கப்படுகிறது. கோலத்தின் முழு உருவமும் மாடியிலிருந்து பார்த்தால்தான் பிடிபடும். மேற்கே இதற்குத் தனிப்பெயரே உண்டு. 1987இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கேரியின் பட்டறையில் துப்புரவுப் பணியாளராக இருந்த ஆண்ட்ரூ குரோமெலோ, அங்கங்கே கிடந்த கருவிகளை எல்லாம் நேர்க்கோட்டிலும் செங்கோணத்திலும் ஒழுங்காகப் பரப்பி வைப்பார். அதை ‘நோலிங்’ என்றார். அப்போது அந்தப் பட்டறை நோல் கம்பெனிக்கு நாற்காலிகள் செய்துகொண்டிருந்தது, பெயர் அதிலிருந்து வந்தது. மேலிருந்து பார்த்தால் எது எங்கே இருக்கிறது, எது இல்லை என்று ஒரே பார்வையில் தெரியும். அதற்காகத்தான் அவர் அப்படி வைத்தார்.

இந்தக் கோணத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கேமரா மேசைக்கு இணையாக, நேர் மேலே நிற்கும்போது கிட்டத்துப் பொருள் பெரிதாகவும் தூரத்துப் பொருள் சிறிதாகவும் தெரிவது ஏறக்குறைய இல்லாமல் போகிறது. வட்டம் வட்டமாகவே விழுகிறது, சதுரம் சதுரமாகவே விழுகிறது. ஒரு பொருளுக்கும் அடுத்ததற்கும் உள்ள அளவு விகிதம் உண்மையாக இருக்கிறது. பக்கவாட்டில் எடுத்த படத்தை வாங்குகிறவர் அழகுக்காகப் பார்ப்பார். மேலிருந்து எடுத்த படத்தை அவரை அறியாமலே அளந்து பார்ப்பார்: கொட்டானில் எத்தனை வெற்றிலை பிடிக்கும், கம்மல் ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதா, குர்தியின் கழுத்து எவ்வளவு இறக்கம். இப்படி அளவு சொல்ல வேண்டிய படத்தைக் கற்பனையாக உண்டாக்கினால், முத்திரை இல்லாத எடைக்கல்லைத் தராசில் வைத்ததாகத்தான் ஆகும். இருக்கிற கோணங்களிலேயே ஏஐக்குக் கொடுக்கக் கூடாத கோணம் இது. அதற்குத்தான் இன்று எல்லோரும் ஏஐ தேடுகிறார்கள்.

“நீங்கள் மட்டமான செயலியைப் பயன்படுத்தியிருப்பீர்கள், நல்லதாக எடுங்கள்” என்று சொல்வார்கள். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இந்தச் செயலிகள் பலவற்றுக்குப் பின்னால் இருக்கும் டிஃப்யூஷன் வகை இயந்திரம் வெறும் இரைச்சலில் தொடங்கி, தான் பார்த்துப் பழகிய கோடிக்கணக்கான படங்களில் எது இங்கே இருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதை நோக்கிப் படிப்படியாகத் துடைத்துக்கொண்டு வருகிறது. கூடை என்றால் அதற்குத் தெரிந்தது உலகத்துக் கூடைகளின் சராசரி. செட்டிநாட்டுக் கொட்டான் அந்தச் சராசரியில் எங்கோ ஒரு மூலையில் இருந்தால் உண்டு. பிரம்பு பக்கமும் வைக்கோல் பக்கமும் அது சாய்வது அதனால்தான்.

நம் படத்தையே கொடுத்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்ற பட இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 512க்கு 512 பிக்சல் உள்ள படத்தை அது முதலில் 64க்கு 64 கட்டங்களாகச் சுருக்கும். நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒன்று. வேலை முழுவதும் அந்தச் சுருக்கத்துக்குள் நடந்து, கடைசியில் திரும்ப விரிக்கப்படுகிறது. எட்டு பிக்சலுக்குள் அடங்கிவிடுகிற நூல், தையல், ஓலையின் நரம்பு ஆகியவை அந்தச் சுருக்கத்தில் முழுதாகத் தங்குவதில்லை. விரிக்கும்போது அந்த இடத்தில் ஓலை நரம்பு போன்ற ஒன்று எழுதப்படுகிறது. பின்னால் வந்த இயந்திரங்கள் இதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் படம் முழுவதையும் புதிதாக எழுதித் தருகிற எந்த இயந்திரமும் உங்கள் பொருளையும் சேர்த்துத்தான் எழுதுகிறது. பின்னணியை மட்டும் மாற்று என்று நீங்கள் சொன்னது அதற்கு ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

“இப்போதெல்லாம் நன்றாக வருகிறதே” என்பது அடுத்த பதில். 2025 செப்டம்பரில் கூகுளின் நானோ பனானா என்ற பட இயந்திரத்தில் தங்கள் படத்தை ஏற்றி, பழைய சினிமாப் பாணியில் சிஃபான் சேலை கட்டிய படமாக மாற்றி நாடே பகிர்ந்ததை எல்லோரும் பார்த்தோம். அற்புதமாகத்தான் இருந்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தச் சேலையை யாரும் யாருக்கும் விற்கவில்லை. அதே படத்தைப் போட்டு, கீழே விலையைப் போட்டு, முன்பணம் வாங்கினால் விஷயம் வேறு. இயந்திரம் தேறத் தேற இந்தச் சிக்கல் குறையாது, கூடும். அன்று அக்காவால் ஒரு நொடியில் பிழை கண்டுபிடிக்க முடிந்தது. இன்னும் இரண்டு வருடம் கழித்து ஓலை சரியாக ஏறி இறங்கும், விளிம்புத் தையலும் சரியாக இருக்கும். அப்போதும் அது அக்காவிடம் இருக்கிற கொட்டானாக இருக்காது. யாரிடமும் இல்லாத கொட்டானாக இருக்கும், கண்டுபிடிக்கத்தான் யாராலும் முடியாது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பது சிறு வியாபாரிகளில் பலருக்குத் தெரியாது. யாரும் அவர்களுக்குச் சொல்லவும் இல்லை. 2020 ஜூலை 23இல் மத்திய அரசு அறிவித்த நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகளின்படி, விற்பனைத் தளங்கள் ஒவ்வொரு விற்பனையாளரிடமிருந்தும் உறுதிமொழி வாங்க வேண்டும்: பொருளின் விவரமும் படமும் துல்லியமானவை, பொருளின் தோற்றத்துக்கும் தரத்துக்கும் நேரடியாகப் பொருந்துபவை என்று. படம் என்கிற சொல் விதியிலேயே இருக்கிறது. விளம்பரத்தில் காட்டிய தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்கவும் முடியாது. கடை திறக்கிற அன்று ‘சம்மதம்’ என்று தட்டிவிட்டுப் போகிறோமே, அதற்குள் இந்த வாக்குறுதியும் இருக்கிறது. வாக்குக் கொடுத்தவர் விற்பனையாளர். செயலி செய்த கம்பெனி யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. சரக்கு திரும்பி வரும்போது போக்குவரத்துச் செலவும், நசுங்கி வந்த ஓலையும், ஒற்றை நட்சத்திரமும் வந்து விழுவது விற்பனையாளர் தலையில்.

இனி, எல்லாவற்றையும்விட நியாயமாகத் தோன்றும் வாதம். படம் எடுக்க நிறையச் செலவாகும், ஏழை வியாபாரிக்கு ஏஐ ஒரு வரம் என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பெரிய ஸ்டூடியோவின் வாடகையை ஒரு பக்கம் வைத்து, ஏஐ சந்தாவை மறுபக்கம் வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நடுவில் இருப்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை. மேலிருந்து எடுக்கும் படத்தைப் போலச் செலவு குறைந்த படம் வேறில்லை. சுவர் வேண்டாம், திரை வேண்டாம், மாடல் வேண்டாம். தரை போதும்.

அதுவும் டெல்லியில் இருந்துகொண்டு படத்துக்கு நிறையச் செலவாகும் என்று சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. மெட்ரோவின் மஞ்சள் லைனில் சாவ்ரி பஜார் ஸ்டேஷனில் இறங்கினால் எந்த நிறத்தில், எந்தச் சொரசொரப்பில் வேண்டுமோ அந்தக் காகிதம் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைக்கென்றே வைத்திருக்கும் கனமான தாள்கள் இருக்கின்றன. அவை மேலே வைத்த பொருளைத் தூக்கிக் காட்டும். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சாந்தினி சௌக்கின் பாகீரத் பேலஸ், விளக்குச் சாமான்களின் கடல். குச்சா சௌத்ரியில் கேமராக் கடைகள். கினாரி பஜாரில் ஓரத்தில் வைத்து அழகு சேர்க்க ஜரிகையும் கோட்டா நாடாவும். ஒரு தெர்மாகோல் அட்டை, நான்கு பட்டர் பேப்பர், இரண்டு நிறத்தில் தாள் வாங்கினால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது. ஒரு மாதச் சந்தாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தாள்கள் ஒரு வருடம் வரும்.

வெளிச்சம் காசு கேட்பதில்லை. டிசம்பரில் டெல்லியில் நடுப்பகல் சூரியன் 40 டிகிரி உயரத்துக்குமேல் ஏறுவதில்லை. அந்தச் சாய்ந்த வெயில் பட்டர் பேப்பர் ஒட்டிய ஜன்னல் வழியாக வந்து ஓலைப் பின்னலின் மேல் படும்போது ஒவ்வொரு ஏற்றமும் ஒவ்வொரு இறக்கமும் தனித்தனியாகத் தெரிகிறது. எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தினால் நிழல் கருத்துப்போகாது. ஜூனில் சூரியன் 85 டிகிரிக்குப் போய்விடும். மொட்டைமாடியில் மத்தியானம் எடுத்தால் உங்கள் தலையும் போனும் சேர்ந்து பொருளின் மேலேயே நிழலாக விழும். அப்போது காலை எட்டு மணிக்கு முன் எடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குள் வர வேண்டும். செல்போனின் முதல் லென்ஸ் அகலமானது, பக்கத்தில் வைத்தால் ஓரங்களை இழுத்துவிடும். ஸ்டூலில் ஏறி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுத்தால் வட்டம் வட்டமாக இருக்கும். கட்டக்கோடுகளையோ லெவல் வசதியையோ ஆன் செய்து வைத்தால் பல போன்களில், நேர் கீழே பார்க்கும்போது இரண்டு சிறு குறிகள் தெரியும். இரண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில் போன் மட்டமாக இருக்கிறது. கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதும். அக்கா கற்றுக்கொண்டார்.

“போட்டோகிராபர்கள் மட்டும் என்ன அரிச்சந்திரர்களா? அவர்களும்தானே ஃபோட்டோஷாப்பில் மாற்றுகிறார்கள், செல்போன் கேமராவுக்குள்ளேயே ஏஐ இருக்கிறதே” என்று ஒரு நண்பர் கோபமாகக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பொய்யான படம் எடுத்த போட்டோகிராபர் உண்டு, அவரையும் நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூசி துடைப்பதும், வெளிச்சத்தைக் கூட்டுவதும், நிறத்தைச் சரிசெய்வதும் அந்தப் பொருளின் மேல் பட்டுத் திரும்பிய ஒளியில் நடக்கும் வேலை. போன் எவ்வளவு கூர்மையாக்கினாலும் அதன் எதிரில் ஒரு கொட்டான் இருந்தாக வேண்டும். எதிரில் எதுவுமே இல்லாமல் உண்டாக்கிய படத்தையும் அதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற ஒன்று உண்டு. கையால் செய்த பொருளின் அடையாளமே அதன் சீரின்மை. ஒரு கொட்டானில் ஓலை சற்று அகலம், அடுத்ததில் சாயம் சற்று ஆழம். நீலகிரியின் தோடர் பூத்தையலில், வரைந்து வைத்துக்கொள்ளாமல் துணியின் இழைகளை எண்ணிக் கறுப்பும் சிவப்பும் தைக்கிறார்கள். அந்த எண்ணிக்கைதான் அந்தக் கலை. ஏஐக்கு எண்ணத் தெரியாது, சீராக்கத் தெரியும். புவிசார் குறியீடு வாங்கி, இது இந்த ஊர்க்காரர் கை என்று பாடுபட்டு நிலைநாட்டிய பொருளை, எந்த ஊர்க் கையும் படாத வழவழப்பாக மாற்றிப் படத்தில் காட்டுகிறோம். அந்தப் படத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு நிஜக் கொட்டான் மட்டமாகத் தெரியத் தொடங்கும். ‘ஃபினிஷிங் சரியில்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். முடைந்த பெண்மணிக்கு அடுத்த ஆர்டர் போகாது. டில்லி ஹாட்டில் கைவினைக்காரர்களே நேரில் உட்கார்ந்து விற்கிறார்கள். வாங்குகிறவர் பொருளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறார். இணையத்தில் அந்தக் கைக்குப் பதிலாக இருப்பது படம் ஒன்றுதான்.

இது கைவினைப் பொருளோடு நிற்பதில்லை. வாழை இலைச் சாப்பாட்டின் ஏஐ படங்களில் நுனி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். பலவற்றில் உட்காருகிறவருக்கு இடக்கைப் பக்கம் வர வேண்டிய நுனி வலப்பக்கம் கிடக்கும், உப்பு இருக்க வேண்டிய இடத்தில் பாயசம் இருக்கும். லேபிளில் தமிழ் எழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம். சில இயந்திரங்கள் இப்போது எழுத்தில் தேறிவருகின்றன. ஆனால் ‘பருப்புப் பொடி’யில் ஓர் ஒற்றோ ஒரு புள்ளியோ இடம் மாறியிருக்கிறதா என்று ஒவ்வொரு படத்திலும் பார்த்தே ஆக வேண்டும்.

ஏஐயே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படம் எடுப்பதற்கு முன்னால் எதை எங்கே வைக்கலாம், எந்த நிறத் தாள் பொருந்தும் என்று பத்து விதமாகப் போட்டுப் பார்க்க அதைப் போல உதவி கிடையாது. எடுத்த பின் பொருளை வெட்டிப் பிரித்து வெள்ளைப் பின்னணியில் வைக்கவும் அது நல்லது. அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி சுத்த வெள்ளை, மூன்று நிற எண்களும் 255, பொருள் படச் சட்டகத்தில் 85 சதவீதம் என்று கேட்கிறார்கள், அதைக் கையால் செய்வது தலைவலி. தாளின் ஓரம் போதாமல் போனால் நீட்டிக்கொள்ளலாம். இவை எதிலும் பொருளின் மேல் கை படுவதில்லை.

ஆக, தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்றால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். எது அழகாகத் தருகிறது என்பதை விட்டுவிட்டு, எது என் பொருளைத் தொடாமல் விடுகிறது என்று கேளுங்கள். பொருளைச் சுற்றி எல்லை போட்டு, உள்ளே இருக்கும் பிக்சலை அப்படியே வைத்துக்கொண்டு வெளியே மட்டும் வேலை செய்கிற வசதி இருக்கிறதா? பின்னணி நீக்கும் சாதாரணச் செயலிகள் பலவற்றில் இது இருக்கிறது. படத்தையே புதிதாக எழுதுகிற பிரபலமான இயந்திரங்கள் சிலவற்றில் இல்லை. சோதிப்பது எளிது. உங்கள் பொருளுக்குப் பக்கத்தில் தையற்காரரின் இஞ்ச் டேப்பையும், தமிழ் எழுத்துள்ள ஒரு பாக்கெட்டையும், ஒரு நாணயத்தையும் வைத்து நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பின்னணியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். வந்த படத்தை மூலப் படத்தின் மேல் வைத்து முழு அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். டேப்பில் 7க்கு அடுத்து 8 வருகிறதா, எழுத்து அதே எழுத்தா, நாணயத்தின் நிழலும் பொருளின் நிழலும் ஒரே பக்கம் விழுகின்றனவா. ஒன்று தவறினாலும் அந்தச் செயலியை மூடிவிடுங்கள், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும் சரி.

அக்காவின் படங்களை மார்கழியில் அவர் வீட்டு ஜன்னலோரத்தில் தரையில் வைத்து எடுத்தோம். சாவ்ரி பஜாரில் வாங்கிய காவி நிறத் தாள், மூன்று அளவில் மூன்று கொட்டான், பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம். பின்னணியின் ஒரு மூலையில் தாள் மடிந்திருந்ததை மட்டும் செயலியை வைத்துச் சரிசெய்தேன். நடுவில் இருந்த கொட்டானில் ஓர் ஓலை நுனி விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. அதை அழித்துவிடவா என்று கேட்டேன். அக்கா கொட்டானைக் கையில் எடுத்து, கத்தரிக்கோலால் அந்த நுனியை நறுக்கிவிட்டுத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். “இப்ப எடு தம்பி” என்றார்.